குண்டு போய்ச் சேரும்வரை

ஆர்டித் கோல்ஸ்டாடைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மொன்டானாப் பனியில் ஆயுசில் பாதியைப் பள்ளிப் பேருந்து ஓட்டியே கழித்தவர். எழுபத்தொரு வயதில் வலது தோளை அறுத்து உலோக மூட்டு வைத்தார்கள். அவர் போட்டிகளில் சுடும் துப்பாக்கி பின்னால் உதைக்கும், இனித் தொடவே கூடாது என்றார் டாக்டர்.

"உதைக்காத தோட்டாவை நானே செஞ்சுக்கறேன். உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார் அம்மணி.

சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டும் ஈயத் துண்டுகளில், என் டயர் கடையில் கழற்றிப் போடுவதை வாளி வாளியாக வாங்கிப் போவார். கொட்டகையில் உருக்கி, அச்சில் ஊற்றி, சுண்டு விரல் தடிமனில் குண்டு வார்ப்பார். வெடிமருந்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார். ஒருமுறை அளவுக்கு மீறிக் குறைத்ததில் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. பித்தளைக் கம்பியால் தட்டி வெளியே எடுப்பதற்குள் அவர் உதிர்த்த வார்த்தைகளைக் கேட்டு என் நாயே எழுந்து வெளியே போய்விட்டது.

குளிர்காலம் முடியும்போது தோட்டா தயார். ஒலியைவிட மெதுவாகப் போகும் குண்டு. சுட்டால் மெத்தையைத் தட்டியது போல 'பொத்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் சிரித்தார்கள். "பூனைத் தும்மல்" என்று பெயர் வைத்தான் நடுவர் லைல் பிரெக்கே. அதோடு விட்டானா? முந்நூறு கஜத்தில் இலக்காக நிற்கும் ஐந்து இரும்பு ஆட்டுக்கிடாக்களில் நாலையாவது சாய்க்காதவருக்கு இனிப் போட்டி வரிசையில் இடமில்லை என்று கமிட்டியில் புது விதி போட்டான். யாரைக் குறிவைத்த விதி என்று ஊருக்கே தெரியும். ஆர்டித்துக்கு அந்த வரிசைதான் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் தோட்டா. 'பொத்.'

"மிஸ்!" என்றான் லைல், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தபடி.

அவன் வாயை மூடுவதற்குள் அங்கே கிடா குப்புற விழுந்தது. அப்புறம்தான் 'டங்' என்று சத்தம் வந்து சேர்ந்தது.

"விழுந்துடுச்சேடா!" என்று நான் கத்தினேன்.

"நடுவர் சொன்னா சொன்னதுதான்" என்றான் லைல். முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. வேகக் குண்டுகளுக்கே பழகிய காது, மெதுவான குண்டு போய்ச் சேரும்வரை பொறுக்கத் தெரியவில்லை. ஆனால் ஒப்புக்கொள்வானா?

ஆர்டித் துப்பாக்கியைக் காலி செய்து மேஜைமேல் வைத்தார். ஆனால் சுட்டு முடித்தவர்கள் விலகி நிற்கவேண்டிய மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போகவில்லை. ஒருத்தர் மேஜையில் இருந்தாலும், விழுந்த கிடாவை நிமிர்த்தக்கூட யாரும் இலக்குப் பக்கம் கால் வைக்க முடியாது. அதுதான் எங்கள் மைதானத்துச் சட்டம். போட்டி அப்படியே நின்றது.

"எழுந்து வாங்கக்கா. மத்தவங்க காத்திருக்காங்க."

"வரமாட்டேன். சொன்னதை மாத்துடா, மாத்தற வரைக்கும் இங்கேயேதான் இருப்பேன். பேருந்துல உன் மூக்கைத் துடைச்சுவிட்டவ நான். என்கிட்டயே உன் வேலையைக் காட்டறியா?"

யாரோ சிரித்தார்கள். பின்னால் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மாட்டுக்கறிக் குழம்பு ஆறி, மேலே கொழுப்பு கட்டியது. காத்திருந்தவர்கள் லைலைப் பார்த்து முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

கடைசியில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "முதல் கிடா... விழுந்தது" என்றான்.

"கேக்கலை!"

"விழுந்தது!"

ஆர்டித் மறுபடி துப்பாக்கியை எடுத்தார். இரண்டாவது சாய்ந்தது. மூன்றாவது, நாலாவது. அப்பாடா! ஒவ்வொரு 'பொத்'துக்கும் பிறகு மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இடம் நிலைத்துவிட்டது என்று நான் தொப்பியைத் தூக்கி எறிந்தேன்.

ஐந்தாவது தோட்டா. 'பொத்.'

காத்திருந்தோம். கிடாவுக்குப் பின்னால் மேட்டில் புழுதி கிளம்பி அடங்கியது. கிடா நின்றுகொண்டே இருந்தது. லைல் தொலைநோக்கியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை, வாயும் திறக்கவில்லை.

ஆர்டித் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா முழிக்கறே? இது மிஸ்தான். பின்னால நிக்கறவங்களுக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லு!"