றஞ்சிதம் உடைத்த சுவர்

என் மனைவி றஞ்சிதம் எந்தச் சுவரையும் உடைக்கவில்லை. ரொறன்ரோவிலும் தெஹிவளையிலும் ஒரு குடும்பத்தாரின் கைப்பேசிகளில் அவளைப் பற்றி வேறுவிதமாகச் சொல்லப்பட்டது. ஆகவே அவள் யார், அவள் செய்தது என்ன என்பதை நடந்த ஒழுங்கிலேயே எழுதிவைக்கிறேன்.

அவள் கொழும்புக் கொச்சிக்கடையில், துறைமுக மதிலை ஒட்டிய தோட்டமொன்றில் பிறந்தவள். தோட்டம் என்றால் அங்கே மரமோ செடியோ இல்லை. ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் ஓரறை வீடுகளும் அத்தனை பேருக்கும் பொதுவான ஒரு தண்ணீர்க் குழாயும்தான். தகப்பன் கப்பலில் மூட்டை இறக்கியவர். பள்ளிக்கூடத்தை விட்டதும் அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு தையற்கடைக்குச் சட்டை வெட்டித் தைக்கப் போனாள். வெட்டும் கையும் மிதிக்கும் காலும் ஓயாமல் வேலை செய்தன. கை இன்றும் நன்றாக இருக்கிறது. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன.

எங்களுக்குச் சொந்த வீடு வாய்க்கவில்லை. மாறி மாறி இருந்த வாடகை வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே சட்டம்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அந்தோனியார் படம் எந்த வீட்டிலும் சுவரில் ஏறியதில்லை. அலுமாரியின் மேல் சாய்ந்தபடியே எங்களுடன் வீடு மாறியது. கொட்டாஞ்சேனையில் கடைசியாக இருந்த வீட்டின் உரிமையாளர் அதை விற்றபோது, நாங்கள் அங்கே குடியிருந்ததற்கே ஆதாரம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து திரும்பியபோது எங்கள் கட்டில் வீதியோரத்தில் கிடந்தது. அதன் பிறகு நான் ஒரு துண்டுக் கடதாசியையும் எறிவதில்லை.

இப்போதைய வீடு வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. மாடி இல்லை, படி இல்லை. படி ஏறக் கூடாது என்று டொக்டர் சொன்ன ஒருத்திக்குக் கொழும்பில் இப்படி ஒரு வீடு கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தேடியவர்களுக்குத் தெரியும். வயதானவர்களுக்கு வீடு கொடுக்கவே பலர் தயங்குகிறார்கள். இந்த வீடு போனால் அடுத்தது எங்கே என்ற கேள்வியோடுதான் றஞ்சிதம் ஒவ்வோர் ஆண்டும் வாடகை எக்ரிமென்ட் புதுப்பிக்கும் மாதத்தைக் கடந்தாள். அந்த மாதம் முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டுக்குச் சொந்தக்காரி சுபோதினி, தாயாருடன் ரொறன்ரோவில் இருக்கிறார். இங்கே பார்த்துக்கொள்பவர் அவருடைய சித்தப்பா, தெஹிவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் கதிர்காமநாதன். வீட்டைத் தரும்போது அவர் வாய்மொழியாக ஒரு நிபந்தனை வைத்தார். படுக்கையறையை ஒட்டியிருக்கும் சாமியறையை வேறெதற்கும் பாவிக்கக் கூடாது. படங்கள் இருந்தபடி இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்ற வேண்டும்.

நாங்கள் கத்தோலிக்கர். றஞ்சிதம் கோயிலுக்குப் போய்க் கேட்டாள்.

“ஃபாதர், அவங்கட சாமிக்கு நான் விளக்கேத்துறது பாவமா?”

“வாடகை வீட்டு விளக்குத்தானே? ஏத்துங்க. அணையாமப் பாத்துக்கங்க” என்றார் அவர்.

அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் அவள் அந்த அறையைக் கூட்டிப் படக் கண்ணாடிகளைத் துடைத்து விளக்கேற்றினாள். எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் மீன். அந்த வழக்கத்தையும் சனிக்கு மாற்றினாள். மீன் மணம் சாமியறைக்குப் போய்விடும் என்ற பயம்.

கழிவறை பின்முற்றத்துக்கு அப்பால் இருக்கிறது. மழை பெய்தால் சீமெந்துத் தரை வழுக்கும். ஒருமுறை விழுந்து, வெகுநேரம் எழும்ப முடியாமல் நனைந்துகொண்டிருந்தாள். கடைக்குப் போயிருந்த நான் திரும்பி வந்துதான் தூக்கினேன். அந்த வாரமே எங்கள் மகள் ரொஷேல் மெல்பனிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். திரும்பிப் போகையில் தன் பழைய மடிக்கணினியைத் தாயிடம் விட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. அதில் மனிதர்களை உருவாக்கலாம். அவர்கள் சமைப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், உறங்குவார்கள். அவர்களுக்கு வீடும் கட்டிக் கொடுக்கலாம். றஞ்சிதம் மனிதர்களை அதிகம் கவனிக்கவில்லை. வீடுகளைக் கட்டினாள். முதல் வீட்டின் சுவரெங்கும் படம் மாட்டினாள்.

“இங்க பாருங்க, ஆணி அடிச்சாலும் ஒருத்தரும் வந்து கேக்குறாங்க இல்ல” என்று சிரித்தாள்.

அந்த விளையாட்டை ஆடும் தமிழ்ப் பெண்களுக்கு முகநூலில் ஒரு குழு உண்டு. அதை நடத்தும் தாரிகா என்ற பெண் ஒரு சிநேகபூர்வமான போட்டியை அறிவித்தாள். நீங்கள் வசிக்கும் வீட்டை உள்ளபடியே விளையாட்டில் கட்டுங்கள். பிறகு உங்கள் விருப்பப்படி திருத்துங்கள். முன், பின் என்று இரண்டு படங்களைப் போடுங்கள். பரிசு என்று ஒன்றுமில்லை. வெல்பவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொற்சுத்தியல் இருக்கும், அவ்வளவுதான்.

றஞ்சிதம் தையல் நாடாவை எடுத்தாள். சட்டைக்கு அளவெடுப்பது போலவே வீட்டுக்கும் அளவெடுத்தாள். நாடா முடியும் இடத்தில் சோக்குக் கட்டியால் கோடிட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்கினாள். மறுமுனையை நான் பிடித்தேன். ‘முன்’ படத்தில் எங்கள் நீலக் கேற்றும் முன்வாசலும் சாமியறையும் அப்படியே வந்தன. ‘பின்’ படத்தில் படுக்கையறைக்கும் சாமியறைக்கும் இடைப்பட்ட சுவர் இல்லை. அங்கே ஒரு குளியலறை. வழுக்காத தரை, இருபுறமும் கைபிடி. கட்டிலிலிருந்து நாலு எட்டில் போய்விடலாம்.

படங்கள் போட்ட அன்று பாராட்டுகள் குவிந்தன. யாரோ ஒரு பெண், “ஆன்ட்டி, இது வெள்ளவத்தையா? பார்த்த வீடு மாதிரி இருக்கே” என்று கேட்டிருந்தாள். றஞ்சிதம் பெருமையுடன் ஓம் என்று பதில் எழுதினாள். அந்தப் பெண் சுபோதினியின் உறவுக்காரி என்பது எங்களுக்குத் தெரியாது. அவள் இரண்டாவது படத்தை மட்டும், ஒரு விளக்கமும் இல்லாமல், தங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை கதிர்காமநாதன் அழைத்தார்.

“கிளறன்ஸ், வீட்டிலதானே நிக்கிறீர்?”

“ஓம் ஐயா.”

“சாமியறையைக் கக்கூசாக்கிப் போட்டீங்களாம். உண்மையோ?”

“ஆர் ஐயா சொன்னது?”

“படமே வந்திருக்கு. சுவரைக் காணேல்ல. பேசின் இருக்கு, கொமட் இருக்கு. பிளான் கீறின ஆர்க்கிடெக்ட் ஆர்?”

“அது கேம் ஐயா. கம்பியூட்டர் கேம். மனுசி விளையாடினது.”

“இந்த வயசில கேமோ? என்னைப் பேயன் எண்டு நினைச்சீரோ? வெள்ளிக்கிழமை வாறன். அதுவரைக்கும் ஒண்டிலயும் கை வைக்க வேண்டாம்.”

அவருடைய கோபத்தின் காரணம் எனக்கு விளங்கியது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு, குடியிருப்பவன் ஒருநாள் வீட்டையே பிடித்துக்கொள்வான் என்ற பயம் ஓயாமல் உண்டு. வீட்டுக்குப் பிளான் கீறுகிறான் என்றால் அவர்களுக்கு அதுதான் முதல் அறிகுறி. கைபிடி வைத்த குளியலறையை அவர்கள் எங்கள் நிரந்தர ஏற்பாடாகவே கண்டிருக்கிறார்கள்.

அவர் அழைத்துச் சொன்னதை நான் சொல்லி முடிப்பதற்குள் றஞ்சிதம் மடிக்கணினியைத் திறந்து அந்தப் பதிவை அழித்துவிட்டாள்.

“ஏன் அழிச்சே?”

“படம் இல்லாட்டி மறந்துருவாங்க.”

மறக்கவில்லை. “அழிச்சிட்டீங்களாமே” என்று அன்று பின்னேரமே கதிர்காமநாதன் குறுஞ்செய்தி அனுப்பினார். இப்போது குற்றத்தை மறைத்தவர்களும் ஆனோம்.

அதன்பின் றஞ்சிதம் அந்த வீட்டில் ஒரு திருடியைப் போல நடமாடினாள். கேற்றின் கொளுக்கி அசைந்தால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பாள். கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போது, அந்தச் சத்தத்தில் கேற்றுத் திறப்பது கேட்காமல் போய்விடுமோ என்று ஜன்னலுக்கு வருவாள். ஒருமுறை அவள் சாமியறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். சுவர் அங்கேதான் இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். நான் எக்ரிமென்டுகளையும் வாடகைப் பற்றுச்சீட்டுகளையும் திகதிப்படி ஒரு கோப்பில் அடுக்கி மேசையில் வைத்தேன். அவளை அது தேற்றவில்லை.

“கட்டில வெளிய போடுறவன் கடதாசி பாத்துட்டா போடுவான்?” என்றாள்.

வெள்ளிக்கிழமை கதிர்காமநாதன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சாமியறைக்குப் போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுவரை விரலால் தட்டினார். படுக்கையறைக்குப் போய் மறுபக்கமும் தட்டினார். பிறகு எங்களைப் பாராமலே, “அப்ப அந்தப் படம்?” என்றார்.

றஞ்சிதம் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். திரையில் எங்கள் வீடு கூரையில்லாமல் தெரிந்தது. கொண்டை போட்ட ஒரு சின்னப் பெண் படுக்கையறையிலிருந்து நடந்து புதிய குளியலறைக்குள் போனாள். அவர் குனிந்து பார்த்தார்.

“கொஞ்சம் பொறுங்க ஐயா, அவ உள்ளுக்கு நிக்கிறா” என்றாள் றஞ்சிதம்.

கதிர்காமநாதன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பிறகுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. தொண்டையைக் கனைத்தார்.

“இவ்வளவும் நீரே செய்ததோ தங்கச்சி?”

“ஓம் ஐயா.”

“அளவெல்லாம் சரியோ?”

“இன்ச் டேப்பால அளந்தது. பிழைக்காது.”

அவர் வெகுநேரம் திரையையே பார்த்தார். வீட்டை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காட்டச் சொல்லிக் கைப்பேசியால் படமெடுத்தார். போகும்போது, “பயப்பிடாதேங்கோ. நான் சுபோவோட கதைக்கிறன்” என்றார். மேசையிலிருந்த என் பற்றுச்சீட்டுக் கோப்பை அவர் தொடவில்லை.

றஞ்சிதம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “ஏசிட்டுப் போயிருந்தா நல்லாருக்கும். அளவு ஏங்க கேட்டாரு?”

சுபோதினி காணொளி அழைப்பில் வந்தார். பக்கத்தில் கம்பளிச் சால்வையுடன் அவருடைய தாயார் அன்னபாக்கியம் அம்மா. சுபோதினியின் குரலில் கோபமே இல்லை.

“அன்ரி, முதல்ல நாங்கள் பிழையா விளங்கிக்கொண்டம். குறை நினைக்காதேங்கோ. சித்தப்பா எல்லாம் காட்டினவர். நல்ல வடிவாச் செய்திருக்கிறீங்கள்.”

றஞ்சிதம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் பெருமூச்சு விட்டேன்.

“அம்மாவுக்குக் கன நாளா வெள்ளவத்தைக்கு வர ஆசை. அந்தப் பின்முற்றத்தைத் தாண்டி பாத்ரூமுக்குப் போகேலாது எண்டுதான் நாங்கள் மறிச்சு வச்சிருந்தனாங்கள். இப்ப உங்கட படத்தைப் பாத்திட்டு, இனி நான் போவன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறா.”

அன்னபாக்கியம் அம்மா திரைக்கு அருகே வந்தார். “பிள்ளை, அந்தக் கைபிடி எந்தப் பக்கம் போட்டனீர்?”

“ரெண்டு பக்கமும் அம்மா” என்றாள் றஞ்சிதம். அவள் குரல் எங்கிருந்தோ வந்தது. “எழும்பக்குள்ள வலது கைதான் பிடிக்கத் தேடும். அதைக் கொஞ்சம் கீழ பதிச்சுப் போடச் சொல்லுங்க.”

“அப்ப சாமியறை?” என்று நான் கேட்டேன்.

“சாமியை ஹோலுக்குக் கொண்டுவருவம் அங்கிள். சாமி கோவிக்காது. அவசரப்படாதேங்கோ, எக்ரிமென்ட் முடியுமட்டும் இருங்கோ. ஆனா இந்த முறை ரினியூ பண்ணேலாது.”

வெள்ளிக்கிழமை மீனை விட்டவள் றஞ்சிதம். அந்த அறையின் வாசலைக் கடக்கும்போதுகூடக் குரலைத் தாழ்த்தியவள். அவளுடைய கற்பனையைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததற்குப் பாராட்டும் சொன்னார்கள்.

அன்று மாலை தாரிகா அழைத்தாள். “ஆன்ட்டி, பதிவை ஏன் எடுத்தீங்க? கூட வோட்டு உங்களுக்குத்தான். இப்ப வேற ஆளுக்குக் குடுத்தாச்சு.”

“பயத்துல எடுத்துட்டன் மகள். நீங்க குடுத்தது சரி” என்றாள் றஞ்சிதம்.

சுபோதினி சொன்னதை நான் அவருடைய சொற்களிலேயே எழுதி, எக்ரிமென்ட் முடியும்வரை இருக்கலாம் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கேட்டு, அவருக்கும் கதிர்காமநாதனுக்கும் அனுப்பினேன். இரண்டு செய்திகளின் கீழும் படித்ததைக் காட்டும் நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. நான் வீடு தேடி தெஹிவளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அலைந்தேன். காட்டிய வீடெல்லாம் மாடி. கீழ்வீடு ஒன்றில் கதவு திறந்த பெண், என் நரைத்த தலைமயிரைப் பார்த்துவிட்டு, “மகன்மார் இங்க இருக்காங்களா?” என்று கேட்டாள். மகள் வெளிநாட்டில் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

எக்ரிமென்ட் முடிய இன்னும் நாள் கிடக்க, ஒரு முற்பகலில் கேற்றுக்கு முன்னால் லொறி ஒன்று நின்றது. றஞ்சிதம் எனக்கு முன்பே ஜன்னலுக்குப் போய்விட்டாள். சாரதி கேற்றைத் தட்டி, பாத்ரூம் டைல்ஸ் வந்திருக்கிறது, எங்கே இறக்குவது என்று சிங்களத்தில் கேட்டான்.

“இறக்க விடாதே. நான் கடதாசிக் கோப்பை எடுக்கிறன்” என்றேன் அவளிடம்.

அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். கூலியாட்கள் இருவர் பெட்டியொன்றை ஏற்கெனவே தோளில் ஏற்றியிருந்தார்கள். அவர்கள் கழுத்தில் வியர்வை ஓடியது.

“எவ்வளவு நேரம்தான் அந்தப் பொடியன்மார் தூக்கிட்டு நிப்பாங்க? நம்மட கட்டில கொஞ்சம் தள்ளுங்க. அந்தச் சுவரோரமா அடுக்கட்டும்” என்றாள்.

நான் கட்டிலைத் தள்ளினேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக எங்கள் படுக்கையறைக்குள் வந்தன. கதிர்காமநாதனுக்கு அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டிக்கு வழிவிட றஞ்சிதம் மூலையில் ஒதுங்கி நின்றாள். என் சட்டைக் கையைப் பிடித்து, ஆட்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

“இன்னைக்கே போகச் சொல்லுவாங்களாங்க?”

மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. நான் மறுபடியும் அழைத்தேன்.