பெயிண்ட் உரிந்த ரயில்

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் என் தலையில் இருக்கும் எண்ணெய்தான் காரணம் என்பது மாமா கண்டுபிடித்த விதி. அம்மா தினமும் காலையில் உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்து எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவாள். அந்த எண்ணெய் நெற்றியில் வழிந்து, நெற்றியிலிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து மாமாவின் பித்தளைத் துண்டுகளுக்குப் போய்விடுகிறதாம். எண்ணெய் பட்ட பித்தளையில் பெயிண்ட் நிற்காது. ஆகவே மாமாவின் கல்யாணம் நின்றுபோனால் அதற்கு நான்தான் பொறுப்பு. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் மேல் இவ்வளவு பெரிய பழியைப் போட அவருக்கு மனசு வந்தது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. ஆரம்பாக்கத்தில் எங்களோடுதான் இருந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் வேலை. பகலெல்லாம் ஆள் உயர இரும்புத் தொட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்த மனிதர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முழ நீளத்தில் பஸ், லாரி, ரயில் என்று செய்ய உட்கார்ந்துவிடுவார். கைப்பிடி, கண்ணாடிச் சட்டம், ஹாரன் என்று குட்டிக் குட்டிப் பாகங்களைப் பித்தளையில் வெட்டி எடுப்பார். அவற்றைச் சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, இடுக்கியால் பிடித்துக்கொண்டு சாம்பல் நிற பிரைமர் அடிப்பார். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் கலர். பிரைமர் இல்லாமல் அடித்தால் கலர் பித்தளையில் பிடிக்காது, மறுநாளே வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்துவிடும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. தொட விடமாட்டார் என்பதால் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

அந்த வருஷம் அவருக்குச் செவ்வாப்பேட்டையில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமாவுக்குப் பெண்ணைப் பார்த்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது. பஜ்ஜித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, தின்ன மறந்து, நாங்கள் கிளம்பும்வரை மடியிலேயே வைத்திருந்தார். பெண்ணைக் கேட்டதற்கு, "உங்க இஷ்டம்ப்பா" என்றாராம். பெரியவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவருக்கு ரயில்வேயில் வேலை செய்கிற மாப்பிள்ளை வேண்டும். பெயிண்ட் அடிக்கிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று யோசித்தார். மாமா ரயிலெல்லாம் செய்வார் என்று யாரோ சொல்லிவைக்க, பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் கடைசியா ஓட்டின வண்டி கீதே, அத்த அப்டியே செஞ்சிக் காட்டு தம்பி. உன் கைவேலையப் பாத்துட்டு அப்பறம் மத்ததெல்லாம் பேசிக்கலாம்."

வேறு யாராக இருந்தாலும் எழுந்து வந்திருப்பார்கள். மாமா சந்தோஷமாகத் தலையாட்டினார்.

ரயில் அழகாக வந்தது. கூரையின் மேல் கரண்ட் கம்பியைத் தொடும் மடக்குக் கை, வாசலுக்கு வாசல் பிடித்துக்கொள்ளும் கம்பி, முன்னால் இன்னொரு பெட்டியைக் கோக்கும் கருப்புக் கொக்கி எல்லாம் நிஜ வண்டியில் இருப்பது போலவே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் அதை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, பேசின் பிரிட்ஜில் இறங்கி ரயில் மாறி, செவ்வாப்பேட்டையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியவர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. வாசல் கம்பியில் பெயிண்ட் உரிந்துவிட்டது.

மாமா ஒரு ஞாயிறு போய்க் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பழைய பெயிண்டைத் தின்னரில் எடுத்து, கழுவி, மறுபடி பிரைமர் அடித்து, கலர் அடித்து, அடுத்த ஞாயிறு கொண்டுபோய் மாட்டினார். அந்த வாரமே மறுபடியும் போன். இந்த முறை கூரை மேலிருந்த மடக்குக் கை. மறுபடி ஒரு ஞாயிறு கழற்றப் போனோம், ஒரு ஞாயிறு மாட்டப் போனோம். போகும்போதெல்லாம் மாமாவுக்குப் பார்த்த அந்த அக்கா எங்களுக்கு டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைப்பார். எனக்கு மட்டும் தனியாக ஒரு முறுக்கு அதிகமாகக் கிடைக்கும். என்னைப் பொறுத்தவரை பெயிண்ட் உரிவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

மாமாவுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. பிரைமர் டப்பாவை மாற்றிப் பார்த்தார். வேறு சோப்பு வாங்கினார். கடைசியில் என் தலையைப் பார்த்தார்.

"இவ கைய வெக்கறாக்கா. அந்த எண்ணெயாலதான் பேஜாரு."

அம்மா விடவில்லை. "கொழந்த தலைக்கு எண்ணெ வெக்காம பரட்டையாவா அனுப்புவாங்க? உனுக்கு வேல தெர்லன்னு சொல்லுடா."

நான் ஒரு துண்டைக்கூடத் தொட்டதில்லை. அதைச் சொன்னால் நம்ப ஆளில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மூன்றாவது முறை கொக்கியில் உரிந்தது. இந்தத் தடவை நாங்கள் போனபோது பெரியவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கொக்கியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார்.

"இத்தினிக்காண்டு சாமானு. இதுலயே பெயிண்ட்டு நிக்கல. எம் பொண்ண எந்த தைரியத்துல தம்பி உன் கையில குடுக்கறது? அரக்கோணத்துலேந்து ரயில்வேல கீறவங்க கேட்டுக்கினு கீறாங்க. வர்ற வெள்ளிக்கெழம வரச் சொல்லிட்டேன்."

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. வேறு வழியில்லாமல், "கொழந்த கை பட்டிருக்கும் சார்" என்று என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

அவ்வளவுதான். நான் மேஜையருகே போய், மாமாவின் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, இடுக்கியால் கொக்கியைத் தூக்கிப் பார்த்தேன். எண்ணெய் பட்டு உரிந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓரமெல்லாம் சுருண்டு, பட்டை பட்டையாக வரும். இங்கே அப்படி இல்லை. மெல்லிய கோடுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, நேராக இருந்தன. கோட்டைச் சுற்றி இருந்த பெயிண்ட் இம்மியும் அசையவில்லை.

"இது உரியல. யாரோ சொரண்டிக்கீறாங்க," என்றேன்.

"எங்க ஊட்ல யாரு இத்தப் போயி சொரண்டப் போறாங்க?" என்று பெரியவர் சிரித்தார்.

அப்போது அக்கா டீ கொண்டுவந்தார். எனக்கு முறுக்குத் தட்டை நீட்டினார். அவர் கண்ணாடி வளையல்களுக்கு நடுவே எல்லா வீட்டுப் பெண்களையும் போல இரண்டு ஊக்கு மாட்டியிருந்தார். கையில் பூதக்கண்ணாடி இருந்ததால் அதையும் பார்த்துவைத்தேன். ஒரு ஊக்கு பளபளவென்று இருந்தது. இன்னொன்றின் முனையில் கருப்பு. கருப்பு மட்டும் இருந்திருந்தால் கண்மையோ அடுப்புக் கரியோ என்று விட்டிருப்பேன். கருப்போடு ஒட்டிக்கொண்டு துளி சாம்பல் நிறமும் இருந்தது.

"அக்கா, உங்க ஊக்குல எங்க பிரைமரு கீது," என்றேன். எங்கள் பக்கத்து நியாயத்தை ஊரறியச் சொல்லும் ஆவேசத்தில் குரல் சற்றுப் பெரிதாகவே வந்துவிட்டது.

அக்கா கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். முகமெல்லாம் சிவந்துபோய் உள்ளே போய்விட்டார். மாமா வாயைப் பிளந்துகொண்டு வாசல்திரையையே பார்த்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு எழுந்து உள்ளே போனார். சன்னமாகப் பேச்சுக் குரல் கேட்டது. அப்புறம் பெரியவர் சிரிக்கும் சத்தம்.

வெளியே வந்தவர் மாமாவின் தோளில் கைவைத்து அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தார்.

"பெயிண்ட்டு நல்லாத்தான் கீது மாப்ள. அரக்கோணத்துக்காரங்கள வர வேணாம்னு சொல்லிட்றேன். அடுத்த ஞாயித்துக்கெழம உங்க அக்காவ இட்டுக்கினு வாங்க."

மாமாவின் வேலை சுத்தம் என்று நிரூபணமானதால் கல்யாணம் நிச்சயமாயிற்று என்று நான் புரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்திலும் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். பிரைமர் சரியாக அடித்தால் பெண் கிடைக்கும் என்று என் வகுப்பில் பல பேர் வெகுகாலம் நம்பினார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டே வந்தார். என்மேல் போட்ட பழிக்கு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கொக்கி அவர் சட்டைப்பையில் இருந்தது. நான் பொறுப்பாக யோசனை சொன்னேன்.

"மாமா, அடுத்த வாட்டி அத்த மாட்டிட்டு, அலமாரிக்கு ஒரு பூட்டு போட சொல்லிடு. இல்லன்னா அந்த அக்கா மறுபடி சொரண்டுவாங்க."

"சொரண்டட்டும்," என்றார் மாமா.

"அப்பறம் மறுபடி நீதான பெயிண்ட் அடிக்கணும்?"

"அடிச்சாப் போச்சு."

இத்தனை நாள் ஒரு விரல் படக்கூடாது என்று என்னை விரட்டிய மனிதர் பேசுகிற பேச்சா இது! நல்ல வேலைக்காரர், கல்யாணம் என்றதும் தொழிலில் அக்கறையே போய்விட்டதே என்று எனக்கு ஆரம்பாக்கம் வரும்வரை கவலையாக இருந்தது.