சுலபம் என்று நான் சொன்ன பதில்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், வண்டலூருக்கு அருகிலுள்ள பொதுப் போக்குவரத்து ஆய்வு மையம் ஒன்றில் இந்நிகழ்ச்சி நடந்தது. புதிதாக வரவிருக்கும் நகரப் பேருந்துகளின் படிக்கட்டு எவ்வளவு உயரத்தில் அமைய வேண்டும் என்பதை அம்மையத்தார் ஆராய்ந்துகொண்டிருந்தனர். முதியவர்களை ஏறச் செய்து பார்க்க வேண்டும் என்று, தாம்பரத்திலுள்ள எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் வந்தது. பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தோம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லேத் பட்டறையில் காலம் கழித்தவன். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அழைப்பைப் பெரும் கௌரவமாகக் கருதினேன். கருதியதோடு நில்லாமல், அதை ஒரு பரீட்சை என்றே எண்ணிவிட்டேன். இரண்டு நாட்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினேன். புறப்படும் காலையில் முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரையும் விழுங்கினேன்.

மையத்தின் கூடத்தில், ஒரு பேருந்தின் முன்வாசலை மட்டும் மரத்தால் செய்து நிறுத்தியிருந்தார்கள். பலகைகளைச் செருகியும் உருவியும் படியின் உயரத்தை மூன்று விதமாக மாற்றலாம். குறிப்பேட்டுடன் நின்ற இளம் பெண் ஆராய்ச்சியாளர், "அவசரமே இல்ல சார். எங்க கஷ்டமா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

முதலாவதாக நான் அழைக்கப்பட்டேன். மூன்று உயரங்களிலும் கைப்பிடியைத் தொடாமலே ஏறி இறங்கினேன். மிக உயரமான படியில் முழங்காலுக்குள் ஊசி குத்தியது போலிருந்தது, முகத்தில் காட்டவில்லை. "மிகவும் சுலபம்" என்றேன்.

வரிசையில் நின்ற ஒருவர், "இன்னா சார், இந்த வயசுல ஃபுட்போர்டு அடிப்பீங்க போல கீதே!" என்றார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினர். அதன் பின் ஏறியவர்களில் ஒருவர்கூடக் கைப்பிடியைத் தொடவில்லை. ஒருவர்கூடக் கஷ்டம் என்று சொல்லவில்லை. பள்ளியொன்றில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு அம்மையார், உதட்டைக் கடித்தபடி ஏறி முடித்து, "எனக்கும் ஈஸிதாம்மா" என்றார்.

திரும்பும்போது அந்த அம்மையாரும் நானும் ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துக்கு நின்றோம். வந்த பேருந்தின் படி உயரமாக இருந்தது. அம்மையார் இருமுறை காலைத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. பிறகு இரு கைகளையும் படியில் ஊன்றி, முழங்காலிட்டுத் தவழ்ந்தே ஏறினார். "சீக்கிரம்மா! பின்னாடி ஹாரன் அடிக்கிறான் பாரு!" என்று அதட்டிய நடத்துநர்தான் கைகொடுத்துத் தூக்கியும் விட்டார்.

அமர்ந்தபின், மையத்தில் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன்.

"இன்னாண்ணா கேக்குற? உனுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. நீ கம்பியக்கூட புடிக்காம விறுவிறுன்னு ஏறிட்ட. அத்தினி பேரு எதிர்ல நான் மட்டும் முடிலன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? இந்தப் படிக்குப் பயந்துகினு ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிக்கு சுகர் மாத்திர வாங்கவே போவல. வூட்ல கேட்டா, பழசே இன்னும் தீரலன்னு சொல்லிகினு கீறேன்."

தாம்பரத்தில் நான் முதலில் இறங்கி, அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலை மையத்துக்குச் சென்றேன். அந்த ஆராய்ச்சியாளர் அதே மரப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கால்களில் மணல் பைகள். முழங்கால்கள் எளிதில் மடங்காதபடி துணியால் வரிந்து கட்டப்பட்டிருந்தன. "போதும் மேடம், உங்களுக்கே மூட்டு வலி வந்துடப் போவுது" என்று மையத்தின் தச்சர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"வயசானவங்க கால் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க இப்படிக் கட்டிப் பார்ப்போம் சார்" என்றார் அப்பெண், வியர்வையைத் துடைத்தபடி. "எனக்கு மூணாவது உயரத்துல ஏறவே வரல. ஆனா நேத்து நீங்க எல்லாருமே சுலபம்னு சொல்லிட்டீங்க. நான் எங்கயோ தப்பு பண்றேன் போல. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் குடுக்கணும், உயரமான படியே போதும்னுதான் எழுதணும்."

உண்மையான வலியை நான் மறைத்துவிட்டு வந்தேன். இல்லாத வலியை அறிய அவர் மணல் சுமந்துகொண்டிருந்தார். மாத்திரை விழுங்கியது முதல் அம்மையார் தவழ்ந்து ஏறியது வரை, நின்றபடியே அனைத்தையும் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கீழ்ப்படியில் அமர்ந்து, மணல் பைகளை அவிழ்த்தார்.

"நல்லவேளை வந்தீங்க சார். எங்க மேலயும் தப்பு இருக்கு. எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு வேடிக்கை பார்க்க விட்டுட்டோம்."

வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு பேரும் மறுபடி அழைக்கப்பட்டோம். இம்முறை தனித்தனியாக, நிஜப் பயணம் போலக் கையில் ஒரு காய்கறிப் பையுடன். மாத்திரை விழுங்காமல் சென்றிருந்தேன்; இரண்டாம் உயரத்திலேயே நான் "வலிக்கிறது" என்றேன். அச்சொல்லைப் பிறர் எதிரில் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாரை நானே அழைத்துச் சென்று வெளியே காத்திருந்தேன். உள்ளிருந்து வந்தவர், "தாழ்வா கீற படி மட்டுந்தாண்ணா ஏற முடிஞ்சுது. மத்தது ரெண்டும் முடிலன்னு சொல்ட்டேன். அதுக்குப் போயி அந்தப் பொண்ணு தேங்க்ஸ் சொல்லுது!" என்று வியந்து சிரித்தார்.

தாழ்ந்த படியே வேண்டும் என்று அறிக்கை போயிற்று. அத்தகைய பேருந்து எங்கள் சாலைக்கு எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை, அம்மையார் மாத்திரை வாங்கச் செல்லும் நாட்களில் நானும் துணைக்குச் செல்கிறேன். வலியை வெளிக்காட்டாதிருப்பதே மரியாதை என்று எழுபத்திரண்டு வயது வரை நம்பியிருந்தவன் நான். என் மௌனம் இன்னொருவர் ஏற வேண்டிய படியை உயர்த்திவிடும் என்று அறிந்த நாள்முதலாக, எவரேனும் நலம் விசாரித்தால் ஒரு கணம் யோசித்து உண்மையையே சொல்லிவருகிறேன்.