ஷட்டர்காரர் வாங்கிய திட்டு

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஷட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. போனில் அதன் பெயரைத் தேடினால் ஊரார் எழுதி வைத்த கருத்துகள் வரிசையாக வருகின்றன. காலையில் வருகிறேன் என்றவர் மறுநாள்தான் வந்தார் என்று ஒருவர். வேலை சுத்தம், ஆனால் ஆளைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும் என்று இன்னொருவர். நான் இதுவரை எதுவும் எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் முகம் சூடாகிவிடுகிறது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில் குடியிருந்தோம். மாடியில் வீடு, கீழே கார் ஷெட். எங்களிடம் கார் கிடையாது. அத்தனை பெரிய இடத்தில் அப்பாவின் ஸ்கூட்டர் மட்டும் ஒரு ஓரமாக நிற்கும். மழைக்காலம் வந்தால் ஷெட்டின் இரும்பு ஷட்டர் முரண்டு பிடிக்கும்; பாதியில் நிற்கும், அல்லது இறங்கினால் ஏறாது. அம்மா உடனே அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து ஸ்ரீரங்கத்து ஷட்டர்காரருக்கு போன் போடுவாள். அவர் எப்போது பேசினாலும், “பாலத்துலதாங்க வந்துட்டு இருக்கேன்” என்பார். காவிரிப் பாலத்தைத் தாண்ட ஒரு மனிதருக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்படுமா என்று அம்மா கேட்பாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். தாமதமாக வருகிறவர்களைத் திட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. அந்தப் பக்கத்திலிருந்து “சரிங்க, சரிங்க” என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கே கேட்கும்.

ஒருநாள் பள்ளியில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், மதியத்துக்கு முன்பே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேன் என்னையும் அடுத்த தெருத் தோழி ஒருத்தியையும் முனையில் இறக்கிவிட்டது. எங்கள் ஷெட்டின் முன்னால் கூட்டமாக இருந்தது.

எதிர்வீட்டு ஆண்ட்டி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “கிட்டப் போகாதடி. உங்க ஷெட்டுக்குள்ள எவனோ பூந்துட்டான். உள்ளேருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு. யாருன்னு கேட்டேன், கப்சிப்னு ஆயிட்டான்.”

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமைதான். தெருவில் நகைக்கடைக்காரர் வீடு இருக்க, டாக்டர் வீடு இருக்க, திருடன் எங்கள் ஷெட்டைத் தேடி வந்திருக்கிறான். “எங்க ஷெட்டுதான்” என்று தோழியிடம் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டாள்.

போலீஸுக்குச் சொல்லலாம் என்றார் ஒருவர். ஷட்டரே ஏறாமல் போலீஸ் வந்து என்ன செய்யும் என்று ஆண்ட்டி கேட்டார். அம்மாவுக்கு போன் போட்டிருக்கிறார். வகுப்பில் இருந்ததால் அம்மா எடுக்கவில்லை. அதன் பிறகுதான் ஸ்டிக்கரில் இருந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார். உள்ளே ஆள் இருப்பதாகச் சொன்னதாலோ என்னவோ, ஷட்டர்காரர் அன்று நிஜமாகவே சீக்கிரம் வந்து மொபெட்டை நிறுத்தினார்.

அவர் தரையில் படுத்து, ஷட்டருக்கு அடியில் இருந்த சிறிய இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர் உடனே எழுந்திருக்கவில்லை. அவர் உதடு அசைவது போல எனக்குத் தெரிந்தது. பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

“பட்டை சட்டத்தை விட்டு வெளிய வந்துருக்குங்க. தூக்குறப்ப ஸ்பிரிங் தெறிச்சா மண்டை பொளந்துரும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க. திறந்துட்டு நானே கூப்பிடுறேன்.”

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ச் சாரிவரை பின்வாங்கி அங்கே நின்றுகொண்டார்கள். அவர் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். திருடனைப் பார்க்காமல் யார் போவார்கள்?

அப்போது அம்மா ஆண்ட்டியைத் திரும்பக் கூப்பிட்டாள். ஆண்ட்டி தெருவுக்கே கேட்கும்படி விஷயத்தைச் சொல்லிவிட்டு, “அவங்க சாருக்குச் சொல்றாங்களாம். ஆபீஸ்லேருந்து வந்துருவாரு” என்று எங்களுக்கு அறிவித்தார்.

சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் ஷட்டருக்கு உள்ளே ஒரு குருவி கத்தியது.

அப்பாவின் போனில் அந்தக் குருவிச் சத்தத்தை வைத்துக் கொடுத்தவள் நான்தான். நின்றது. மறுபடியும் கத்தியது. அம்மா விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும்தான் அது யாருடைய போன் என்று தெரியும் என நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

ஷட்டர்காரர் திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயையோ, சாரா? காலைலயே சார் வரச்சொல்லியிருந்தாருங்க. சாமான் எடுத்துட்டு வரேன், உள்ளேருந்து இறக்கிப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். போனவன் அப்படியே மறந்துட்டேன்!”

கம்பியை நுழைத்து நெம்பினார். ஷட்டர் அலறிக்கொண்டு மேலே போனது.

அப்பா ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஆபீஸ் சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கழுத்தில் கம்பெனி அட்டை. கீழே செய்தித்தாள் விரித்து, பாதி சாப்பிட்ட தயிர் சாதம். ஸ்கூட்டர் இருக்கையில் எங்கள் வீட்டுத் தலையணை. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“ஸ்கூல் விட்டாச்சாம்மா?” என்றார்.

நான் ஆண்ட்டியின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆண்ட்டி ஷட்டர்காரரைப் பிடித்துக்கொண்டார். “ஒரு மனுஷனை இந்த வெக்கையில உள்ள வச்சுட்டுப் போவீங்களா? ஏதாவது ஆகியிருந்தா யாரு பதில் சொல்றது? இனிமே இந்தத் தெருவுல உங்களை எவனாவது கூப்பிடட்டும், பார்க்கிறேன்!” மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் அந்த ஸ்டிக்கரைக் கிழித்தே போட்டார். ஷட்டர்காரர் தலையைக் குனிந்து, “தப்புதாங்க, என் தப்புதாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பா அவரை ஓர் அறை விடுவார் என்று காத்திருந்தேன். அப்பா அவரிடம் போய், கிரீஸ் படிந்த அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். ஷட்டர்காரர், “நீங்க மேல போங்க சார், தண்ணி குடிங்க” என்றார்.

“உங்கப்பாவுக்குத் திட்டவே தெரியாதா?” என்று தோழி கேட்டாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அப்பாவின் வேலை போய்விட்டிருந்ததும், வீட்டில் சொல்ல வாய் வராமல் காலையில் எங்களோடு கிளம்பி, நாங்கள் போனதும் திரும்பி வந்து ஷட்டரை இறக்கிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்ததும், நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அஜாக்கிரதையான ஓர் ஆள் என் அப்பாவை அடைத்து வைத்துவிட்டார், என் அப்பா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான்.

அம்மா வரட்டும் என்று இருந்தேன். அம்மா சாயங்காலம் வந்தாள். இருவரும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். அம்மா முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, போனை எடுத்து ஷட்டர்காரரைக் கூப்பிட்டாள். நான் ஆசையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணா, தில்லை நகர்லேருந்து பேசறேன்” என்றாள். அந்தப் பக்கத்தில் அவர், “இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா” என்று சொல்வது கேட்டது. “சாப்டீங்களாண்ணா?” என்று கேட்டாள். மூக்கை உறிஞ்சினாள். வைத்துவிட்டாள்.

“ஏம்மா திட்டலை?” என்றேன். அம்மா என் தலைப்பின்னலை அவிழ்த்துவிட ஆரம்பித்தாள்.

நாளைக்கு வேனில் தோழி கேட்பாள். அம்மா அந்த ஆளை போனில் கிழி கிழியென்று கிழித்துவிட்டாள், அவர் ஓவென்று அழுதுவிட்டார் என்று சொல்லிவிடுவதாகத் தீர்மானித்தேன். எங்கள் வீட்டு மானத்துக்காகப் பொய் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.