சிவப்புப் பாதையில் வந்த சுருட்டுக் கட்டு

வியாழக்கிழமை காலை 7.25. திருச்சியிலிருந்து நாலு மணி நேரம் பறந்து கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கினேன். பெட்டி வந்துவிட்டது. ஊறுகாய்ப் போத்தல் உடையவில்லை. வெளியே போக இரண்டு வழிகள். பச்சைப் பாதையில் என்னோடு வந்த சனமெல்லாம் தள்ளுவண்டியோடு ஓடிக்கொண்டிருந்தது. அறிவிக்க வேண்டிய பொருள் இருப்பவர்களுக்கான சிவப்புப் பாதையில் ஓர் ஆள்கூட இல்லை. முப்பது வருடமாக ஊருக்குப் போய் வருகிறேன், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அன்றைக்கு அதில்தான் நுழைந்தேன். என் கைப்பையில் இருபத்தாறு சுருட்டுகள் இருந்தன.

நான் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். சுருட்டு, பீடி, சிகரெட் எதையும் வாயில் வைத்தவனில்லை. இது என் சிநேகிதன் கணேசனின் வேலை. செமோரில் குடியிருக்கிறான். கையுறைத் தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறான். பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். எட்டு மாதத்துக்கு முன்னால் வேனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். ரத்தக் குழாயில் இரண்டு இடத்தில் கம்பி வலை வைத்துப் பிழைக்க வைத்தார்கள். "இனிமேல் ஒரு சிகரெட் பிடித்தாலும் என்னிடம் வராதே" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி ஊதியவன், அன்றோடு நிறுத்தினான்.

அவன் மனைவி தேவி ஒரு நாள் என் கடைக்கே வந்தாள். "அண்ணே, உங்க கடைக்கு வெளிய, சிகரெட் புடிக்கிறவங்க நிக்கிற அந்த மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட நின்னு இவரு ரோக்கோ புடிச்சா எனக்கு ஒரு போன் போடுங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். சரி என்றேன். அடுத்த மாதமே கணேசன் வந்து, "மச்சான், கல்யாணத்துக்கு ஊருக்குப் போறியே, உறையூர்ச் சுருட்டு ஒரு கட்டு கொண்டா" என்றான். அதற்கும் சரி என்று தலையாட்டிய கிறுக்கன் நான்தான்.

"என்னது? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"எனக்கு இல்லலா. முனியாண்டி ஐயாவுக்கு. ஆப்பரேசன் மேசையில படுக்கும்போது நேர்ந்துக்கிட்டேன். பொழைச்சு எந்திரிச்சா ஒரு கட்டுச் சுருட்டு வைக்கிறேன்னு."

ஈப்போவில் இல்லாத சுருட்டா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில் இன்னும் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கடைகளில் ஒளித்து விற்பதெல்லாம் வரி கட்டாமல் வந்த கள்ளச் சாமானாம். "ஐயா தோட்டத்துக் காவக்காரர்லா. காவக்காரருக்குப் போயி கள்ளச் சாமான் வைக்கவா? நீ ஒளிச்சு வைக்காத. கேக்குறவங்ககிட்ட சொல்லிட்டு, கட்ட வேண்டியதக் கட்டிட்டுக் கொண்டா." அதனால்தான் சிவப்புப் பாதை.

உறையூரில் ஒரு சந்துக்குள் வாங்கினேன். கட்டுக்கு இருபத்தைந்து, நானூறு ரூபாய். கடைக்காரர் கொசுறாக ஒன்று சேர்த்துக் கொடுத்தார்.

காலை 7.50. மேசைக்குப் பின்னால் தூடோங் முக்காடு அணிந்த இளம் மலாய்ப் பெண் அதிகாரி ஒருவர். பேச்சு மலாயில் நடந்தது.

"என்ன இருக்கிறது, பாக்சிக்?" மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

"சுருட்டு. இருபத்தாறு."

"நீங்கள் பிடிப்பீர்களா?"

"வாழ்நாளில் பிடித்ததில்லை."

"அப்படியானால் விற்பனைக்கா?"

"இல்லை, இல்லை. சிநேகிதனுக்கு."

"அவர் பிடிப்பாரா?"

"அவன் பிடிக்கவே கூடாது. இருதய நோயாளி."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தாடியையும் தொப்பியையும் பார்த்தார். "அப்படியென்றால் யார்தான் பிடிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார்.

இந்துக் கோயிலுக்கு என்றேன். "உங்கள் கோயிலா?" "இல்லை, சிநேகிதனுடைய கோயில்." உண்மையைச் சொல்லச் சொல்ல என் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் உள்ளே போய்ப் பெரிய அதிகாரியைக் கேட்டு வந்தார், கட்டை எடை போட்டார், கணினியில் ஏதோ தட்டினார். தொண்ணூற்றாறு ரிங்கிட் வரி. நானூறு ரூபாய்ச் சரக்குக்கு! யா அல்லாஹ் என்று முனகிக்கொண்டே கட்டினேன். அறிவிக்காமல் பிடிபட்டிருந்தால் சுருட்டும் போய், அபராதமும் விழுந்திருக்கும் என்றார். ரசீதை நீட்டும்போது சிரித்தபடி இன்னொன்றும் சொன்னார். "என் தாத்தா சுருட்டுப் பிடிப்பார். வாயில் வைத்து நாலு இழுப்பு இழுக்காமல் அது பற்றாது, பாக்சிக். உங்கள் சிநேகிதரைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

பற்றவைக்கப் போவது கணேசன் என்றால், அவன் வாயில்தானே வைக்க வேண்டும்? இது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை?

காலை 9.00. ஈப்போவுக்கு நேர் பஸ், ஐம்பத்தைந்து ரிங்கிட், இருநூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம். பக்கத்து இருக்கையில் லகாட் ஊர்க்காரர் ஒருவர், லோரி ஓட்டுநராம். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணே, பொயல வாசம் தூக்குது. சுருட்டா?"

"கோயிலுக்கு."

"எல்லாரும் கோயிலுக்குன்னுதான் சொல்லுவாங்க" என்று கண்ணடித்தார். "எங்க மாமாவும் அப்பிடித்தான். சாமிக்கு ஒண்ணு, மாமாவுக்கு நாலு."

கோப்பெங் வந்து சுண்ணாம்புக் குன்றுகள் தெரிந்தபோது வழக்கமாக மனசு லேசாகும். அன்று ஆகவில்லை. கணேசனை நாற்பது வருடமாகத் தெரியும். பொய் சொல்ல மாட்டான். ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறதே. அவனுக்கு ஏதாவது ஆனால் தேவியின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வெள்ளிக்கிழமை மாலை 3.00. ஜும்மா தொழுதுவிட்டு வந்து, கடைச் சமையலறையில் ஒரு சோதனை செய்தேன். கொசுறுச் சுருட்டை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். நுனி கருகியது, கொஞ்சம் புகைந்தது, எடுத்ததும் அணைந்தது. விசிறியால் வீசினேன். சாம்பிராணிக் கரியில் வைத்து ஊதினேன். ஒரு நிமிடம் கங்கு தெரிந்தது, அதுவும் போய்விட்டது. என் வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்த மனுசன் செய்யிற வேலையா இது?"

"ஆராய்ச்சி பண்றேன்."

"ஆராய்ச்சியில நாலு மேசைக்குச் சாப்பாடு போகல. போயிப் பாருங்க."

அந்த அதிகாரி சொன்னது சரிதான். ஒரு வாய் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7.30. கணேசனின் சின்ன வெள்ளைக் காரில் கிளம்பினோம். முன்னால் அவனும் தேவியும், பின்னால் நானும் தேங்காய், எலுமிச்சை, பூமாலையும். எனக்குக் கோயிலில் வேலை இல்லைதான். சுருட்டு போய்ச் சேருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நானே தொற்றிக்கொண்டேன். ஈப்போவிலிருந்து சிலிம் ரிவர் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சிம்பாங் பூலாய் தாண்டுவதற்குள் தேவி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, என்ன வாசம் இது?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

"சுருட்டுதானே? கொண்டாந்தது நீங்களா?"

"தங்கச்சி, அது வந்து..."

"போன் போடுங்கன்னு உங்ககிட்டதானேண்ணே சொன்னேன்! நீங்களும் கூட்டா?"

கணேசன் குறுக்கே வந்தான். "அவன ஏசாத. ஐயாவுக்கு நேர்ந்துக்கிட்டது."

"நேர்ந்துக்க வேற ஒண்ணும் கெடைக்கலையா? கெடா இல்லையா, கோழி இல்லையா?"

"அவருக்குப் புடிச்சது அதானே."

"அவருக்குப் புடிச்சதா, உங்களுக்குப் புடிச்சதா?"

டோல் சாவடி வரும்வரை தப்பு செய்த பையனைப் போலத் தேங்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் கோபம் வரும் என்று கணேசன் இத்தனை நாள் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். அவன் மேல் எனக்கும் ஆத்திரம் வந்தது.

காலை 9.10. தோட்டம் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் இப்போது ஒரு ரப்பர் பால்மரம்கூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளிகள் இருந்த லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். செம்மண் பாதையில் மூன்று கிலோமீட்டர், எதிரே பழக்குலை ஏற்றிய லோரி வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். பாதை முடியும் இடத்தில் தகரக் கூரை போட்ட கோயில். வெள்ளைக் குதிரை, அரிவாள், என் முழங்கை நீள மீசையோடு முனியாண்டி. பக்கத்தில் ஒரு முனை வளைந்த இரும்புக் கம்பி ஊன்றியிருந்தது. சுருட்டு செருக என்று கணேசன் சொன்னான். பூசாரி கிடையாது, வருகிறவர்களே விளக்கேற்றிக்கொள்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் தரையின் ஓரத்தில் நின்றேன்.

மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். கணேசன் கட்டைப் பிரித்து ஒரு சுருட்டை எடுத்தான். சூடத் தீயில் நீட்டினான். புகைந்தது, அணைந்தது. மறுபடி நீட்டினான். தீக்குச்சி கிழித்தான், ஒன்று, இரண்டு, ஐந்து. என் சமையலறையில் நடந்ததேதான் நடந்தது. தேவி கைகட்டிக்கொண்டு பார்த்தாள்.

கடைசியில் அவன் அதை உதட்டருகே கொண்டுபோனான். அங்கேயே நிறுத்தினான்.

"மச்சான்" என்று என்னைக் கூப்பிட்டான். "எட்டு மாசம் ஆச்சுடா. வாசம் மூக்குல ஏறுது. ஒரு இழுப்பு இழுத்தா நிறுத்த மாட்டேன். எனக்குத் தெரியும். பயமா இருக்கு."

"வேணாம், கீழ வை" என்றேன்.

"நேர்ந்துக்கிட்டேனே. உயிரக் கொடுத்தவருக்குச் சொன்ன வார்த்தைலா."

நான் பற்றவைத்துக் கொடுக்கட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு மார்க்கத்துப் படையல், என் கை அதில் போகக் கூடாது. ஆனால் நாற்பது வருடச் சிநேகிதன் உயிருக்குப் பயந்து நிற்கிறான். ஓர் அடி முன்னால் வைத்து, மறுபடி பின்வாங்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

தேவி துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "இங்க குடுங்க" என்று அவன் விரலிலிருந்து சுருட்டைப் பிடுங்கினாள். "தள்ளி நில்லுங்க. காத்து அடிக்கிற பக்கம் நிக்காதீங்க." வாயில் வைத்தாள், குச்சி கிழித்தாள், இழுத்தாள். குடல் வெளியே வந்துவிடும் போல இருமினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விடவில்லை, இன்னும் மூன்று முறை இழுத்தாள். நுனி நன்றாகக் கனிந்து சிவந்தது. கொண்டுபோய்க் கம்பியில் செருகிவிட்டுக் கைகூப்பினாள்.

"ஐயா, இவரு சொன்னதச் செஞ்சாச்சு. இனிமே இவருகிட்ட சுருட்டு கேக்காதீங்க. வேணும்னா என்கிட்ட கேளுங்க."

புகை தகரக் கூரைக்குப் போய்ச் சுழன்றது. கணேசன் குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். தேவி மீதிச் சுருட்டை எண்ணிக் காகிதத்தில் சுற்றி, விளக்கெண்ணெய் வைக்கும் தகரப் பெட்டியில் போட்டு மூடினாள்.

"இருபத்தி நாலு இருக்கு. வருசத்துக்கு ஒண்ணு. நானே வந்து பத்த வைப்பேன். அது வரைக்கும் நீங்கதான் காரோட்டி என்னைக் கூட்டிட்டு வரணும். கேட்டுச்சா?"

"அதுக்குள்ள காஞ்சு தூளாயிடும்லா" என்றான் கணேசன், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"காஞ்சா காயட்டும். நீங்க இருந்தாப் போதும்."

ஐம்பத்திரண்டு வயது அவனுக்கு. அதோடு இருபத்து நாலைக் கூட்டிப் பார்த்தேன். எழுபத்தாறு வந்தது. இத்தனை தூரம் தூக்கி வந்த கட்டு நல்ல இடத்தில்தான் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் நம்பினேன்.

காலை 10.40-க்குக் கிளம்பினோம். திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். ஈப்போ வரை தேவி இருமிக்கொண்டே வந்தாள். பின்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணேசன், தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து அவளிடம் கொடுத்துக்கொண்டே வந்தான்.