தெலுங்குத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு

இன்று வேலப்பன்சாவடியில், நான் போகும் தெலுங்கு வகுப்பில் வாய்மொழித் தேர்வு. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினேன். பாஸானால் போதும் என்றுதான் போயிருந்தேன்.

"வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்வீர்கள்?" என்று டீச்சர் தெலுங்கில் கேட்டார். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. பயத்தில், காலமான என் மனைவி கதவைப் பூட்டும்போதெல்லாம் தெலுங்கில் முணுமுணுப்பதை அப்படியே ஒப்பித்தேன். அதை ஏதோ சுலோகம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

டீச்சர் மார்க் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சுத்தமான நெல்லூர்ப் பேச்சு சார். உங்க வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

"நான் மட்டும்தாம்மா. எங்களுக்குக் குழந்தையே இல்லை. ஏன்?"

"'நாங்க போய்ட்டு வந்துடறோம். நீ உள்ளயே சமத்தா இரு. யார் கூப்பிட்டாலும் வெளிய வராத.' இதைத்தானே சொன்னீங்க?"

பின்பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரர், "இன்னா அண்ணாத்தே, ஊட்ல யாரை வச்சுப் பூட்டிக்கினு வந்துகீற?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்லாமல்தான் பூட்டிக்கொண்டு போய் வருகிறேன்.

இப்போது கோவில்பதாகையில், எங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இருட்டுவதற்குள் வீட்டுக்குள் போயாக வேண்டும்.

தெலுங்கு தெரிந்த நண்பர்கள் உதவவும். "உள்ளே யார் இருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்பது எப்படி? எங்கள் வகுப்பில் அந்தப் பாடம் இன்னும் நடத்தவில்லை.