எங்கள் லாட்ஜ் ஆன்லைனில் ஏறிய கதை

திருப்பதியில் லாட்ஜ் நடத்துவது என்றால், பெருமாளைப் பார்க்க வந்தவர்கள் அவரிடம் சொல்ல மறந்த குறைகளை எல்லாம் உட்கார்ந்து கேட்பது என்று அர்த்தம்.

வீட்டுத் தொழிலைத் திருத்துகிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டரும் கையுமாக ஊர் திரும்பியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். என் பாடு உங்களுக்குப் புரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் லாட்ஜ், மொத்தம் பதினோரு ரூம். சுற்றிலும் புது ஓட்டல்கள் முளைத்து, ஜனங்கள் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் இருந்தபடியே ரூம் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்ததும், எங்கள் ரூம்களில் பாதி சும்மா கிடந்தன. நான் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, நாமும் ஆன்லைனில் போடலாம் என்றேன். என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, ஒரே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

"நம்ம பழைய ஜனத்துல ஒருத்தராவது ரூம் இல்லன்னு திரும்பிப் போனா, அன்னிக்கே அந்தப் பொட்டிய தூக்கிடணும்."

கம்ப்யூட்டர் போனால் நானும் பெங்களூருக்குப் போக வேண்டியதுதான். அங்கே என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்தாகிவிட்டது.

பெயர் இல்லாத ரிஜிஸ்டர்

முதல் வேலை, நைனாவின் ரிஜிஸ்டரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. திறந்து பார்த்தால் ஒரு பக்கத்திலும் ஆள் பெயர் கிடையாது. 'பாலசமுத்திரம் கரும்பு', 'வேலூர் வாத்தியார்', 'சித்தூர் இரட்டைக் குழந்தை' என்று போய்க்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டரோ முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் இல்லாமல் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. வேறு வழி தெரியாமல் முதல் பெயர் 'பாலசமுத்திரம்', கடைசிப் பெயர் 'கரும்பு' என்று அடித்து வைத்தேன். மறுவாரமே அது 'அன்புள்ள கரும்பு அவர்களே' என்று அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது.

இருபது வருஷமாக வருகிறவர்களின் பெயரைக்கூடக் கேட்கவில்லையா என்று நைனாவிடம் கோபித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஊரும் தொழிலும் தெரிஞ்சா போதாதா? மேல இருக்கறவருக்கு ஆயிரம் பேரு, ஜனம் என்ன வழி தெரியாமலா நின்னுக்கினு இருக்குது?"

எப்போது காலி செய்வீர்கள்?

நைனா காலத்தில் தரிசனம் முடித்து வந்தால் காலி, அவ்வளவுதான் சட்டம். கம்ப்யூட்டருக்கு மணி வேண்டும். வெதுருகுப்பத்திலிருந்து வந்த மாந்தோப்புக்காரர் ஒருவரிடம் எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். 'எப்புடு காலி சேஸ்தாரு' என்று தெலுங்கிலும் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார். நானாக மறுநாள் காலை பத்து மணி என்று போட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு அந்த ரூமுக்கு ஹைதராபாத் குடும்பம் ஒன்று வந்து இறங்கியது. மாந்தோப்புக்காரர் மலைமேல் கியூவில். ரிசப்ஷனில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து அவர்கள் என்னை முறைக்க, நான் கம்ப்யூட்டரை முறைக்க, நைனா யாரையும் முறைக்காமல் காபி வாங்கி வரச் சொன்னார். சாயந்திரம் நாலு மணிக்கு லட்டுப் பையோடு வந்து சேர்ந்த மனுஷரிடம், நேற்றே மணி சொல்லியிருக்கலாமே என்றேன். "எங்கள எப்ப உள்ள உடுவாங்கன்னு கியூவுல ஒருத்தனுக்கும் தெரியல. உன் பொட்டிக்குத் தெரியும்னா என்னாண்ட ஏன் சார் கேக்கற?"

போட்டோவும் மொட்டையும்

அடுத்து, பாதுகாப்புக்கு என்று வருகிறவர்களைக் கேமராவில் போட்டோ எடுத்து வைத்தேன். சாவி வாங்க வந்தால் திரையில் முகத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுப்பது. பெங்களூர் ஆபீஸில் பார்த்த ஏற்பாடு. அங்கே யாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்புவதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

காலையில் சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமாக மலை ஏறியவர், மாலையில் தலை நிறையச் சந்தனத்தோடு வந்து சாவி கேட்டார். திரையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், சாவி தர முடியாது என்றேன். பின்னாலேயே வந்த அவர் மனைவியிடம், இவர் உங்கள் வீட்டுக்காரர்தானா என்று விசாரித்தேன். அந்த அம்மாள் அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூஞ்சிக்கு நான் கேரண்டி இல்ல. சட்டை நம்மளுதுதான்."

ஹில் வியூ

ஜன்னலில் என்ன தெரியும் என்று எழுதாவிட்டால் ஆன்லைனில் ரூமை யாரும் சீண்டுவதில்லை. எங்கள் ஜன்னல்களில் எதிர்வீட்டுச் சுவர் தெரியும். நாலாம் நம்பரில் மட்டும், பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி நின்றால் மேல் ஜன்னல் வழியாக மலை தெரியும். 'ஹில் வியூ' என்று போட்டுவிட்டேன். தப்புத்தான்.

தடாவிலிருந்து வந்து தங்கிய ஒருவர் இரண்டே நட்சத்திரம் கொடுத்திருந்தார். போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவே இல்லை. "மலை தெரிஞ்சிதுப்பா, பொய் சொல்லக்கூடாது. ஆனா பக்கெட்டு மேல நின்னுக்கினு கோவிந்தா போட வாய் வர்ல."

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை

அன்று காலையில் பதினோரு ரூமும் ஆன்லைனிலேயே நிரம்பிவிட்டன. நைனா கோயிலுக்குப் போயிருந்தார். வந்ததும் சொல்லிப் பெருமைப்படக் காத்திருந்தேன். அவர் வருவதற்குள், நகரியில் பவர்லூம் ஓட்டும் குடும்பம் வந்து நின்றது. கணவன், மனைவி, மகன், மருமகள், முதல் மொட்டைக்கு எட்டு மாதக் குழந்தை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதே சனிக்கிழமை வருகிறவர்கள். சொல்லிவிட்டு வருகிற வழக்கமே கிடையாது. நைனா ரிஜிஸ்டரில் முன்கூட்டியே பென்சிலால் குறித்து வைத்துவிடுவாராம். நான் மையில் எழுதியதை மட்டும் ஏற்றிவிட்டு, பென்சிலை எல்லாம் கிறுக்கல் என்று விட்டிருந்தேன்.

என் முகத்தைப் பார்த்தே பெரியவருக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல தம்பி, பஸ் ஸ்டாண்டுல உக்காந்துக்கறோம்" என்று பையைத் தூக்கினார். எனக்குப் பயம் வந்தது. கம்ப்யூட்டர் போய்விடும் என்ற பயம் பாதி. அந்தக் குழந்தையைப் பார்த்து வந்த வெட்கம் பாதி. பையைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அங்கே ஓர் அறையில் நைனா, பக்கத்து அறையில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். கால் மணி நேரத்தில் எங்கள் படுக்கை விரிப்பு மாறியது, துணிமணிகள் மூட்டை ஆயின. மனைவி சித்தூரில் இருக்கும் தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். "நான் காலி பண்ணிட்டேன்னு அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கோங்க" என்றாள் போகும்போது.

நைனா திரும்பி வந்தபோது எங்கள் ஜன்னல் கம்பியில் நகரிப் பெரியவரின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. "இந்த ரூமு நல்லா காத்தோட்டமா இருக்குதுண்ணா, வர்ற வருசமும் இதையே குடுத்துடுங்க" என்று அவர் மேலிருந்து சொல்ல, நைனா என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "ஒருத்தரும் திரும்பிப் போவல. பொட்டி இருக்கட்டும். ஒனக்குத்தான் ரூம் இல்ல."

ஆக, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் இன்று எங்கள் லாட்ஜில் ரூம் பிடிக்கலாம், ரிசப்ஷன் பெஞ்சில் படுத்திருக்கும் முதலாளி மகனைத் தவிர.